சத்தம் வெளியே போகாத அறை

ஓசூர்க்காரர்கள் வாயைத் திறந்து பேசமாட்டார்கள். லிஃப்டில் பக்கத்தில் நிற்கிறவர் உதட்டை அசைப்பார், சிரிப்பார். நாமும் சிரித்துவைத்து இறங்கிவிட வேண்டியதுதான். மளிகைக்கடைக்காரர் விலை சொன்னால் அவருக்கு முன்னால் இருக்கும் தராசுக்கே கேட்காது. வந்த புதிதில் இதெல்லாம் எனக்குப் படவில்லை, வருஷம் போகப் போகத்தான் கவனித்தேன். குளிர்ந்த ஊர், வாயைத் திறக்கவே யோசிக்கிறார்கள் போல என்று முதலில் நினைத்தேன். பிறகு, வீட்டில் தெலுங்கு, தெருவில் கன்னடம், கம்பெனியில் தமிழ் என்று மாற்றி மாற்றிப் பேசுகிறவர்களுக்கு எந்த மொழியிலும் அழுத்தம் இருக்காது என்று நானே ஒரு விளக்கத்தைக் கண்டுபிடித்தேன். ஊருக்குப் போகும்போதெல்லாம் டீக்கடையில் உட்கார்ந்து அதைப் பெரிய ஆராய்ச்சி மாதிரி சொல்லிக்கொண்டும் இருந்தேன். கமுதிப் பக்கத்தில் ஒருவன் எதிர் வரப்பில் நிற்கிறவனை நலம் விசாரித்தால் அடுத்த கண்மாய்க்காரனும் பதில் சொல்வான். அப்படிப்பட்ட இடத்தில் பிறந்தவனுக்கு இந்த முணுமுணுப்பு எப்படிப் பிடிபடும்?

ஐ.டி.ஐ. முடித்த கையோடு பிரஸ் ஷாப்பில் வேலைக்குச் சேர வந்தவன் நான். தகட்டை வைத்தால் ஒரே அடி, வண்டிக்கான பாகம் கீழே விழும். ஷிப்ட் முழுக்க அந்த அடிதான். பாஸ்போர்ட் இல்லாமல் வந்த ஊர். ரேஷன் கார்டு இங்கே, ஓட்டு இங்கே, மகள் பிறந்ததும் இங்கே. ஆனாலும் இன்றுவரை புதிதாகப் பார்க்கிற யாரும் பெயரைக் கேட்பதற்கு முன்னால் "சாருக்கு எந்த ஊரு?" என்றுதான் கேட்கிறார்கள். கமுதி என்றால் ஒரு மாதிரி தலையாட்டுவார்கள். அந்தத் தலையாட்டலுக்கு நான் என் இஷ்டத்துக்கு அர்த்தம் வைத்துக்கொண்டேன்.

நைட் ஷிப்ட் முடிந்து காலையில் வந்து படுத்தால் எனக்குத் தூக்கம் வராது. வீடு அமைதியானதும் காதுக்குள் ஒரு இரைச்சல் கிளம்பும். மெல்லிய விசில், நிற்கவே நிற்காது. பாட்டைப் போட்டால் அது அடங்கும். அதனால் படுக்கையறையில் இரண்டு பெரிய ஸ்பீக்கர் வைத்து, பழைய பாட்டாகப் போட்டுவிட்டுத் தூங்குவேன். பிரஸ்ஸில் வேலை செய்கிற பலருக்கும் இந்தப் பழக்கம் உண்டு. எங்களுக்குள் இதைப் பற்றிப் பெரிதாகப் பேசிக்கொள்வதில்லை.

கீழ்வீட்டில் இருப்பவள் சௌம்யா. மைசூர்ப் பக்கத்துப் பெண், பெங்களூர்க் கம்பெனிக்கு வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறாள். மாடிப்படியில் பார்த்தால் ஏதோ சொல்வாள், நான் தலையாட்டிச் சிரிப்பேன். இவ்வளவு மரியாதையான பெண் என்று நான் நினைத்துக்கொண்டிருக்க, குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் என் வீட்டு எண்ணைப் போட்டு, சத்தம் தாங்க முடியவில்லை என்று நீளமாகப் புகார் எழுதியிருந்தாள். நேரில் சிரிப்பு, முதுகுக்குப் பின்னால் புகார்! எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. மறுநாள் செயலாளர் வெங்கடேஷப்பா வந்துவிட்டார். தொரப்பள்ளிப் பக்கம் நிலம் வைத்திருந்தவர், நல்ல மனிதர்தான். எனக்குக் கேட்க வேண்டும் என்று அவர் தொண்டையை உயர்த்திப் பேசியதை அன்று நான் அதட்டல் என்று எடுத்துக்கொண்டேன்.

"என்னா சார் இது, எல்லாரும் என்னைப் புடிச்சுக் கேக்கறாங்கோ. நடுவுல நான் மாட்டிக்கினு இருக்கேன். இன்னொரு கம்ப்ளைண்ட் வந்துச்சுன்னா ஓனர் வீட்டைக் காலி பண்ணச் சொல்லிடுவாரு. பொண்ணு வேற பன்னெண்டாவது படிக்குது, பாத்துக்கோங்க."

செல்வி, என் மனைவி, அவர் போனதும் கதவைச் சாத்திவிட்டு வந்தாள். "இன்னொரு தடவை பாத்திரம் பண்டத்தை மூட்டை கட்ட என்னால முடியாது, சொல்லிட்டேன்" என்றாள். அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. இதற்கு முன்னால் இருந்த வீடுகளிலிருந்தும் இப்படித்தான் கிளம்பினோம். மகனுக்குக் கல்யாணம், வெள்ளையடிக்கணும், சொந்தக்காரர் வருகிறார் என்று ஒவ்வொரு ஓனரும் ஒரு காரணம் சொன்னார். நாங்கள் காலி செய்த வீடுகளில் எந்த மருமகளும் வந்து குடியேறவில்லை என்பதைப் பிறகு அந்தப் பக்கம் போனபோது பார்த்தேன். வெளியூர்க்காரன் என்றால் இளக்காரம் என்று வைதுவிட்டு வந்தேன்.

எங்கள் ஊரில் காதுகுத்து என்றாலே முதலில் வந்து இறங்குவது மைக்செட்தான். பந்தல் கால் ஊன்றுவதற்கு முன்னால் வேப்பமரத்தில் புனல் ஸ்பீக்கரைக் கட்டிவிடுவார்கள். சத்தம் பக்கத்து ஊருக்குக் கேட்கவில்லை என்றால் சீர் கொண்டுவருகிற தாய்மாமனுக்கு அது அவமானம். பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை இருக்கிறது, கொஞ்சம் குறையுங்கள் என்று கேட்ட வாத்தியாரோடு ஒரு குடும்பமே பல வருஷம் பேசாமல் இருந்தது. அந்த ஊர் உயர்ந்தது என்று சொல்ல வரவில்லை. கருவேலம் வெட்டிக் கரி மூட்டம் போடுவதைத் தவிர வேறு பிழைப்பைக் காட்டாத ஊர் அது, அதனால்தான் இங்கே வந்து கிடக்கிறேன். ஆனால் அங்கே சத்தத்துக்காக யாரையும் வீட்டைவிட்டுத் துரத்தியதில்லை.

அறையை அடைத்துவிடலாம் என்ற யோசனையைச் சொன்னது மாதையன். நாட்றாம்பாளையத்துக்காரன், எங்கள் கம்பெனியில் மெயின்டனன்ஸ் ஃபிட்டர். "கம்ப்ரஸருக்குப் பண்ணமே, அதே மாதிரி பண்ணிடலாம்ண்ணா. சொவத்துல ஒரு ஆணி அடிக்க வேணாம்" என்றான். அந்தக் கம்ப்ரஸர் கதை இது. அது ஆபீஸ் ரூமுக்குப் பக்கத்தில் இருந்தது. மீட்டிங் நடக்கும்போது தொந்தரவாக இருக்கிறது என்று பெரியவர்கள் சொன்னதும் ஒரே வாரத்தில் அதற்குப் பஞ்சு வைத்த கூண்டு கட்டினார்கள். பிரஸ் லைன் ஆபீஸிலிருந்து தூரம். அங்கே எங்களுக்குக் கிடைத்தது காதில் திணித்துக்கொள்ளும் மஞ்சள் பஞ்சு. அதையும் ஒரு காதிலிருந்து எடுத்துவிட்டுத்தான் வேலை செய்வோம், ஏனென்றால் தகட்டை அடிக்கிற அச்சு, டை என்போம், அது சரியாக உட்காராவிட்டால் அடியின் சத்தம் மாறும். அந்த மாற்றம் கேட்காதவன் விரலை இழப்பான். விரலா காதா என்றால் யார்தான் காதைத் தேர்ந்தெடுப்பார்கள்?

ஞாயிற்றுக்கிழமைகளாகப் பார்த்து வேலையை முடித்தோம். மரச்சட்டத்தில் ஒரு கூடு, அதற்குள் கண்ணாடிப் பஞ்சு, மேலே ஜிப்சம் பலகை, அதன்மேல் பழைய கார் சீட்டுகளிலிருந்து உரித்த நுரைமெத்தை. ஜன்னலுக்கு இன்னொரு கண்ணாடி. கதவு இடுக்கெல்லாம் ரப்பர். ஸ்பீக்கருக்கு அடியில், மெஷினுக்குப் போடுகிற அதே ரப்பர் கட்டை. கண்ணாடிப் பஞ்சு பட்டு கையெல்லாம் அரித்தது. நான் உள்ளே பாட்டைப் போட்டேன், செல்வி கதவுக்கு வெளியே நின்றாள், மாதையன் செல்போனில் சத்தம் அளக்கிற ஆப்பை வைத்துக்கொண்டு மாடிப்படி முழுக்க ஏறி இறங்கினான். ஒன்றும் இல்லை. வெங்கடேஷப்பாவே வந்து கதவில் காதை வைத்துப் பார்த்துவிட்டு, "உள்ள கச்சேரியே வெச்சாலும் தெரியாது சார்" என்றார். எனக்கு வந்த சந்தோஷத்தில் அவருக்கு மட்டுமல்ல, லிஃப்ட் ரிப்பேர் செய்ய வந்தவருக்கும் காபி கொடுத்தேன்.

பத்து நாள் தாண்டவில்லை, குழுவில் மறுபடி புகார். அதே வீட்டு எண், அதே சௌம்யா. இது சத்தப் பிரச்சினையே இல்லை, நம்மைக் கிளப்பத்தான் பார்க்கிறாள் என்று முடிவுகட்டி, செல்வியையும் இழுத்துக்கொண்டு கீழே இறங்கினேன். கதவைத் திறந்ததும் பிடித்துக்கொண்டேன். எங்கே கேட்கிறது பாட்டு, வந்து காட்டு, கூண்டே கட்டிவிட்டேன், இன்னும் என்ன வேண்டும் உனக்கு? அந்தப் பெண்ணுக்கு முகம் சிவந்துவிட்டது. அவளும் குரலை உயர்த்தினாள். அவள் வாயைத் திறந்து பேசி அன்றுதான் முதல்முறையாக நான் கேட்டேன்.

"பாட்டு எப்பவோ நின்னுபோச்சு அண்ணா! நீங்க பேசறதுதான் கேக்குது. வீட்ல பேசறது, போன்ல பேசறது, எல்லாமே. எனக்கு மீட்டிங்ல அந்தப் பக்கத்து ஆளுங்க, உங்க வீட்ல சண்டையான்னு கேக்கறாங்க. எத்தனை தடவை படியில நிறுத்திச் சொன்னேன், சிரிச்சுட்டுத் தலையாட்டிட்டுப் போயிட்டீங்க. பேஜாரு மாட்கோபேடி அண்ணா, இப்பகூடக் கத்தறீங்க."

வருத்தப்படாதீர்கள் என்று கன்னடத்தில் சொன்னாள். நான் செல்வியைப் பார்த்தேன். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாடிக்கு வந்து, "நீயாவது சொல்லியிருக்கலாம்ல?" என்று கேட்டேன். அவள் என் தோளைப் பிடித்துத் திருப்பி, முகத்துக்கு நேராக நின்று சொன்னாள். "எத்தன வருசமாச் சொல்லிக்கிட்டுத்தான இருக்கேன்."

அன்று முழுக்க யாரோடும் பேசவில்லை. பேசினால் எவ்வளவு சத்தம் வருகிறது என்று தெரியாதவன் எப்படிப் பேசுவது? கம்பெனியில் வருஷம் தவறாமல் காது பரிசோதனை உண்டு. தொலைபேசிக் கூண்டு மாதிரி ஒரு பெட்டிக்குள் உட்கார்த்தி, காதில் ஹெட்போன் மாட்டி, சத்தம் கேட்டதும் பட்டனை அழுத்தச் சொல்வார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருப்பவரின் கை அசையும்போது அழுத்தினால் போதும் என்று சீனியர்கள் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். காது போய்விட்டது என்று தெரிந்தால் லைனிலிருந்து எடுத்துவிடுவார்கள், ஷிப்டுக்குக் கிடைக்கிற படிப்பணம் போகும். எல்லோரும் கையைப் பார்த்தே தேறினோம். ஒவ்வொரு முறையும் நல்ல காது என்று எழுதிக் கொடுத்தார்கள். நானும் அதை நம்பிவிட்டேன். காதுக்கு மெஷின் வைத்துக்கொள்ளச் சொல்கிறாள் செல்வி. மகள் கல்லூரியில் சேரட்டும் என்றிருக்கிறேன். மெஷினோடு கம்பெனி கேட்டுக்குள் நுழைந்தால் அதன்பிறகு நான் எதற்கு அவர்களுக்கு? ஒரு ஊர் முழுவதையும் முணுமுணுக்கிறவர்கள் என்று சொல்லித் திரிந்தேனே, அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. அதைவிட ஆத்திரம்தான் அதிகமாக வருகிறது.

வீட்டைக் காலி செய்யச் சொல்லவில்லை. போன் பேசுவது, டி.வி. பார்ப்பது எல்லாமே இப்போது அந்த அறைக்குள்தான். போன மாதம் ஊரில் முளைப்பாரி. லீவு கிடைக்கவில்லை. மத்தியானம் அண்ணன் போன் செய்தான். உள்ளே போய்க் கதவை இறுக்கிச் சாத்திக்கொண்டு ஸ்பீக்கரில் போட்டேன். "எதுக்குடா இந்தக் கத்து கத்துற, நான் என்ன செவிடனா?" என்றான் வழக்கம்போல. பிறகு, பாட்டைக் கேளுடா என்று போனைப் புனல் ஸ்பீக்கர் பக்கம் நீட்டினான். எந்தப் பாட்டு என்று எனக்குப் பிடிபடவில்லை, போன் மட்டும் கையில் அதிர்ந்துகொண்டிருந்தது. "வர்றியாடா, அடுத்த வருசமாச்சும் வர்றியா?" என்று அண்ணன் அங்கிருந்து கத்தினான். அதே சமயம் அறையின் விளக்கு அணைந்து எரிந்தது. சாப்பிடக் கூப்பிட வேண்டும் என்றால் செல்வி வெளியே இருக்கும் சுவிட்சை இப்படித்தான் தட்டுகிறாள். மறுபடி அணைந்து எரிந்தது. "வர்றேன்" என்று கத்தினேன். யாருக்குச் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை. கமுதியில் இருப்பவனுக்கு அது கேட்டிருக்கும். கதவுக்கு அந்தப் பக்கம் சுவிட்சில் கை வைத்து நிற்கிறவளுக்குக் கேட்டிருக்காது.