பழைய இயந்திரத்தை எப்போது மாற்றுவது

மேலப்புதூர் கிளமென்ட் சார் ஒரு தனியார் கல்லூரியில் பொறியியல் பொருளாதாரம் நடத்தியே தலை நரைத்தவர். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வரும் அந்த வகுப்பில் பிள்ளைகள் தூங்குவது மரபு. மரபை மதித்து அவரும் மெல்லிய குரலில்தான் பேசுவார்.

இந்த வருடம் நிர்வாகத்துக்குப் புதுமை வேண்டியிருந்தது. புதுமையாகக் கற்பிக்காதவர்களின் ஒப்பந்தம் மே மாதத்தோடு முடியும் என்றார்கள். மகள் லின்சி அவர் சம்பளத்தை நம்பி நர்சிங் படிப்பின் நடுவில் இருந்தாள். கிளமென்ட் உடனே புதுமையில் இறங்கினார்.

"புத்தகத்தை மூடுங்க. வெளியே போய்ப் பழசா ஒண்ணைப் புடிங்க. வச்சுக்கிறது லாபமா, மாத்துறது லாபமான்னு கணக்குப் போட்டு வாங்க."

வகுப்பு விழித்துக்கொண்டது. ஒரு குழு மலைக்கோட்டைச் சந்தில் ஒரு ஜவுளிக்கடை ஜெனரேட்டரைப் பிடித்தது. இன்னொன்று வையம்பட்டியில் கிணற்று மோட்டாரை. ரஞ்சனியின் குழு மட்டும் எங்கும் போகவில்லை. எல்லாரும் கணக்கை அரங்கில் காட்டும் நாளில், கல்லூரிச் செயலாளர் முன்வரிசையில் வீற்றிருக்க, மேடையேறி, "நாங்க எடுத்துக்கிட்ட பழசு, கிளமென்ட் சார்!" என்றது.

அரங்கம் அதிர்ந்தது. சாரும் சிரித்துவைத்தார். பலகையில் அவர் சம்பளம் ஒரு பக்கம், புதிதாக வருபவரின் சம்பளம் மறுபக்கம். இத்தனை வருடம் அவரைப் பயிற்சிகளுக்கு அனுப்பிய செலவை, அவரை மாற்றினால் வரும் நஷ்டம் என்று சேர்த்திருந்தார்கள். முடிவு: சாரை வைத்துக்கொள்வதே லாபம். செயலாளரே கைதட்டினார்.

அத்தோடு உட்கார்ந்திருக்கலாம். தப்புக் கணக்கைக் கண்டால் கிளமென்ட்டுக்குக் கை நமைக்கும். எழுந்து போனார்.

"ரஞ்சனி, பயிற்சிக்குச் செலவு பண்ணது எப்ப?"

"முன்னாடியே சார்."

"ஆளை வச்சாலும் அனுப்புனாலும் அது திரும்பி வருமா?"

"வராது சார். விட்ருங்க சார்..."

"அப்புறம் அது ஏன் கணக்குல நிக்குது?"

அந்த வரியை அடித்தார். மீதியைக் கூட்டினார். தான் நஷ்டம் என்பதைத் தெளிவான கையெழுத்தில் எழுதி, அடிக்கோடும் இட்டார்.

செயலாளர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு பலகையைப் படித்தார். "பிரமாதமான முறை சார். எனக்கே புரிஞ்சிருச்சு."

வராந்தாவில் ரஞ்சனி அழுதாள். "தெரிஞ்சேதான் சேர்த்தோம் சார்."

"தெரியும்மா. அதான் மார்க் குறைச்சேன்."

மே மாதம் ஒப்பந்தம் முடிந்தது. அந்த இடத்துக்குப் பாதிச் சம்பளத்தில் ஓர் இளைஞர் வந்தார். கிளமென்ட் முறையிலேயே நடத்துமாறு அவருக்கு உத்தரவு.

"அந்தத் தப்பு, தப்பாவே இருந்துட்டுப் போகட்டும்னு விட்டிருந்தா என்னங்க?" என்றாள் மனைவி லூர்துராணி.

"பரீட்சையில பிள்ளைங்க அப்படியே எழுதிருவாங்கல்ல."

"நம்ம லின்சி இனிமே எந்தப் பரீட்சையும் எழுத வேண்டியதில்ல" என்றாள் அவள்.