காகிதத்தில் இரண்டு பிள்ளைகள்

சட்டையில் பொத்தான் நுழைகிற துளைக்குக் காஜா என்று பேர். அந்தத் தையல் ஆலையில் பதிமூன்று வருஷமாகக் காஜா மெஷினிலேயே உட்கார்ந்திருந்தவளை எல்லாரும் காஜாக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். சொந்தப் பேர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது. ஒரு நாளைக்கு எண்ணூறு சட்டை. யோசித்துக்கொண்டு நின்றால் பக்கத்தில் துணி மலையாகக் குவிந்துவிடும். சட்டென்று முடிவெடுப்பது, எடுத்ததைத் திரும்பிப் பார்க்காமல் அடுத்ததற்குப் போவது, இரண்டும் அவளுக்கு அங்கே வந்த பழக்கம் என்று சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவள் முன்பிருந்தே அப்படித்தான்.

அந்த வருஷம் ஆலைக்கு வருகிற துணி மாறியது. பூப்போட்டது, கட்டம் போட்டது எல்லாம் நின்றுபோய், ஒரே மண் நிறம், தடித்த துணி, சட்டைக்கு நான்கு பை. எல்லையில் சண்டை என்று டிவியில் சொன்னார்கள். ஓவர்டைம் கிடைத்த சந்தோஷத்தில் இந்தச் சட்டைகளை யார் போட்டுக்கொள்ளப் போகிறார்கள் என்று ஒருத்தியும் கேட்கவில்லை. மூன்று மாதம் கழித்துப் பதினெட்டு முடிந்த பையன்கள் எல்லாம் பட்டாளத்தில் வந்து சேரவேண்டும் என்று உத்தரவு வந்தது. காஜாக்கா வீட்டுக் கதவிடுக்கிலும் ஒரு பழுப்பு உறை கிடந்தது. மகன் பேருக்கு.

மகனுக்குப் பதினாறுதான் ஆகியிருந்தது. அது அவள் ஒருத்திக்கு மட்டுமே தெரியும்.

அவளுக்குப் பிறந்தது இரண்டு ஆண் பிள்ளைகள். மூத்தது பதினோராம் மாதம் காய்ச்சலில் போய்விட்டது. அடுத்த வாரமே அவர்கள் ஊர் மாறவேண்டியிருந்தது. சாவைப் பதிவுசெய்ய வேண்டாமா என்று அவள் கேட்டதற்கு, லாரி ஓட்டிக்கொண்டிருந்த புருஷன், எழுதினால் மட்டும் திரும்பி வந்துவிடுமா என்றான். அவளுக்கும் அந்த அலுவலகத்துப் படி ஏறத் தெம்பில்லை. பிறகு இளையவன் பிறந்தான்; வீட்டில் அவனைச் சின்னு என்று கூப்பிட்டார்கள். அவனுக்கு மூன்று வயதானபோது புருஷன் ஒரு சரக்கோடு கிளம்பிக் கம்பி நீட்டிவிட்டான்.

ஆலையில் வேலை கிடைத்தது. பிள்ளையை விட ஆளில்லை. பள்ளிக்கூடத்தில் ஐந்து முடிந்தால்தான் சேர்ப்பார்கள். அவள் பெட்டியைத் திறந்து மூத்தவனின் பிறப்புச் சான்றிதழை எடுத்துக்கொண்டு போனாள். பையன் பூஞ்சையாக இருக்கிறானே என்றார் தலைமை ஆசிரியை. அப்பா வாகு என்றாள் இவள், முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல். அன்றைக்கு மத்தியானமே போய் மெஷினில் உட்கார்ந்தாள். அவளைக் குறை சொல்லக் கிளம்புகிறவர்கள், மூன்று வயதுப் பிள்ளையை அறையில் வைத்துப் பூட்டிவிட்டு ஒரே ஒரு நாள் வேலைக்குப் போய்ப் பார்க்கட்டும்.

சின்னு செத்த அண்ணன் பேரில் வளர்ந்தான். வகுப்பில் எப்போதும் அவன்தான் குள்ளம். பொடியன் என்று கூப்பிட்டால் அடிக்கப் பாய்வான். எதிலும் தான் பின்வாங்கவில்லை என்று காட்டியாகவேண்டும் அவனுக்கு. அவள் அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

உண்மையைச் சொல்லிவிடலாமா என்று நினைத்தாள். ஆலையில் இஸ்திரி போடுகிறவளிடம், யாரோ ஒருத்தி கதைபோல மெல்லக் கேட்டுப் பார்த்தாள். அப்படிச் செய்தவள் ஜெயிலுக்குப் போவாள், பையன் படித்ததெல்லாம் செல்லாது என்றாள் அவள். ஆனால் வீட்டுக்கு ஒரே பிள்ளை என்றால் எடுப்பதில்லையாம் என்றும் சொன்னாள். அதைப் பிடித்துக்கொண்டு காஜாக்கா பதிவு அலுவலகத்துக்கு ஓடினாள்.

குமாஸ்தா நல்ல மனிதர்தான். பேரேட்டைப் புரட்டிவிட்டுக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"உங்களுக்கு ரெண்டு பசங்கன்னு இருக்கேம்மா. சின்னவன் எங்க?"

"செத்துட்டான்," என்றாள்.

ஒரு பிள்ளை செத்தது உண்மைதானே. எந்தப் பிள்ளை என்பதில்தான் பொய் இருந்தது. காய்ச்சல் என்றாள், பதினோராம் மாதம் என்றாள். உயிரோடு இருக்கிறவன் பேருக்கு நேராக எழுத ஒரு சாவுத் தேதியையும் சொன்னாள். இத்தனை வருஷம் கழித்துப் பதிவதால் வீட்டில் பதினெட்டு முடிந்த இன்னொருவர் சாட்சிக் கையெழுத்துப் போடவேண்டும் என்றார் குமாஸ்தா. மூத்த பையனைக் கூட்டி வரச் சொன்னார்.

சின்னு வந்தான். படிவத்தைப் படித்தான். தான் பிறந்தபோது தனக்கு வைத்த பேரை முதல் தடவையாகப் படித்தான், யாரோ ஒருவன் பேர்போல.

"எனக்குத் தம்பி இருந்தானாம்மா?"

குமாஸ்தா நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஆமாம் என்று அவள் தலையாட்டினாள். அவளுக்குக் கண்ணீர் வந்தது. மகன் அவள் தோளைத் தொட்டுவிட்டு, அழகாகக் கையெழுத்துப் போட்டான்.

இரண்டே வாரத்தில் விலக்குக் கடிதம் வந்தது. கண்டம் தப்பிவிட்டது என்று அவள் நிம்மதியாக மெஷினில் உட்கார்ந்தாள். வீட்டில் சின்னு சரியாகச் சாப்பிடவில்லை. அவன் வகுப்புப் பையன்கள் ஒவ்வொருவராகப் பஸ் ஏறிக்கொண்டிருந்தார்கள். அம்மா மடியில் ஒளிந்துகொண்டாயா என்று ஒருவன் கேட்டானாம். செத்துப்போன தம்பி பேரைச் சொல்லித் தப்பித்தேனே என்று அவனுக்கே மனசு குறுகுறுத்தது. ஒரு சாயங்காலம் வந்து, தானாகவே போய்ப் பேர் கொடுத்துவிட்டதாகச் சொன்னான். பதினெட்டு முடிந்தவன் தானாக வந்தால் வீட்டில் யாரையும் கேட்கவேண்டியதில்லையாம். மறுநாள் காலை ஏழு மணிக்குப் பஸ்.

அவள் கதவை மறித்துக்கொண்டு நின்றாள். பதிமூன்று வருஷத்தையும் கொட்டினாள். பெட்டியைக் கவிழ்த்து இளையவனின் பிறப்புச் சான்றிதழை எடுத்து அவன் கையில் திணித்தாள்.

"உனக்குப் பதினாறுதான்டா. இது நீதான்டா. செத்தது உங்க அண்ணன்."

சின்னு அதை விளக்குக்குக் கீழே பிடித்து நிதானமாகப் படித்தான். அவனுக்குக் கோபம் வரவில்லை. அம்மா பயத்தில் என்னென்னவோ சொல்கிறாள் என்று பரிதாபம்தான் வந்தது.

"அன்னைக்குத் தம்பின்னு அழுத. இன்னைக்கு நான்தான் அந்தத் தம்பிங்கற."

"அந்த ஆபீசுக்கு வா, அவர்கிட்டயே சொல்றேன். என்னை ஜெயில்ல போடட்டும்."

"அவர் என்னம்மா சொல்லுவாரு? இவன் செத்துட்டான்னு அங்க எழுதியிருக்கு. சாட்சிக் கையெழுத்து போட்டதே நான்தான்."

சான்றிதழை மடித்து அவள் கையிலேயே கொடுத்துவிட்டு, பைக்குள் சட்டைகளை அடுக்கத் தொடங்கினான்.