எலுமிச்சம்பழம் கட்டிய தராசு

அடுத்த வீட்டுப் பிள்ளையைப் பார்த்து "இளைச்சுப் போயிருக்கே" என்று ஒரு முறை சொன்னால் சண்டை வரும். அதையே மாதா மாதம் வீடு வீடாகப் போய்ச் சொன்னால் சம்பளம் வரும், அந்த உத்தியோகத்துக்குப் பெயர் ஊட்டச்சத்துப் பணி. எண்பதுகளில் ஒலக்கூர் பக்கத்துக் கிராமம் ஒன்றில் அதை நான் பார்த்தேன். திண்டிவனத்தில் காலை பஸ் ஏறினால், தோளில் ஒரு பை, கையில் ஒரு தொங்கு தராசு. பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர்கள் நான் புளி வியாபாரம் செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டு விலை கேட்பார்கள்.

பால்வாடியிலோ, சத்துணவுக் கூடத்திலோ, ஆரம்ப சுகாதார நிலையத்திலோ காலம் தள்ளியவர்கள் யாராவது இதைப் படித்தால், கொஞ்சம் காலை நீட்டி உட்கார்ந்துகொள்ளுங்கள். உங்களுக்கு நான் எதையும் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: சின்னப் பிள்ளைகளை மாதம் ஒரு முறை எடை போட வேண்டும். எடை ஏறாத பிள்ளைக்குத் தினமும் காலையில் எங்கள் மையத்தில் சத்துருண்டை கொடுக்க வேண்டும். எடை ஏறிவிட்டால் உருண்டையை நிறுத்திவிட வேண்டும். கேட்பதற்குச் சுலபமாகத்தான் இருக்கிறது, இல்லையா?

எந்த ஹெட்?

முதல் எடை நாளன்று கோயில் வேப்பமரத்துக் கிளையில் தராசைத் தொங்கவிட்டேன். கொக்கியில் கால்சட்டை மாதிரி ஒரு துணி, அதற்குள் பிள்ளையை உட்காரவைத்தால் மேலே வட்டத்தில் முள் நகரும். மரத்தடியில் நானும் ஒரு நாயும்தான் இருந்தோம். தெருவில் அத்தனை கதவும் சாத்தியிருந்தது. எடை போட்டால் பிள்ளை இளைத்துவிடும், எவ்வளவு என்று வாய்விட்டுச் சொன்னால் கண் பட்டுவிடும் என்பது ஊருக்கே தெரிந்த விஷயம். எனக்கு மட்டும்தான் தெரியவில்லை.

கடைசியில் அஞ்சலை என்ற பெண் இடுப்பில் மகளோடு வந்து நின்றாள். மகள் பெயர் அம்சா. இரண்டு வயது ஆகப்போகிறது, இன்னும் நடக்கவில்லை. கையும் காலும் சூம்பி, வயிறு மட்டும் முன்னால் நின்றது. "தராசுல ஒரு எலுமிச்சம்பழம், நாலு பச்ச மொளகா கட்டுங்க டீச்சர். எவ்ளோன்னு சத்தமா சொல்லாதீங்க. அப்பறம் பாருங்க, எல்லாரும் வருவாங்க" என்றாள். கட்டினேன். வந்தார்கள். அன்றிலிருந்து நான் எடையை வாயால் சொல்லாமல் அட்டையில் விரல் வைத்துக் காட்டுவது வழக்கமாயிற்று.

பிறகு விழுப்புரத்திலிருந்து ஒரு மேலதிகாரி பார்வையிட வந்தார். அரசாங்கத் தராசில் எலுமிச்சம்பழம் தொங்குகிறது. மூடநம்பிக்கை, படித்த பெண் செய்கிற வேலையா என்றெல்லாம் பேசப்போகிறார் என்று பதில்களை மனப்பாடம் செய்துகொண்டு நின்றேன். அவர் தராசை ஒரு சுற்று சுற்றிவந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு கேட்டார்:

"இந்த எலுமிச்சம்பழம் எந்தச் செலவு ஹெட்ல வாங்கினதும்மா?"

கை கழுவும் பாடம்

குழந்தைகளுக்கு நல்ல பழக்கங்கள் கற்றுக்கொடுப்பது எப்படி என்று விழுப்புரத்தில் எங்களுக்குப் பயிற்சி நடந்தது. சாப்பிடும் முன் கை கழுவுதல், நகம் வெட்டுதல், மூடிவைத்த தண்ணீர். கரும்பலகையில் கை வரைந்து, கிருமி வரைந்து, கிருமிக்குக் கண்ணும் மூக்கும் வரைந்து காட்டினார்கள். சாயந்திரம் பயிற்சி முடிந்ததும் பஸ் ஸ்டாண்டில் நாங்கள் அத்தனை பேரும் பஸ் கம்பியைப் பிடித்த கையோடு காகிதத்தில் வடை வாங்கித் தின்றோம். பசி அப்படி.

மறுநாள் ஊருக்கு வந்து பாடத்தை ஒப்பித்தேன். சித்திரை வெயில். கைப்பம்பு உடைந்து கிடந்தது. பெண்கள் கொல்லைக்கு, அதாவது வயற்காட்டுக்கு நடந்து, கரண்ட் வந்து பம்புசெட் ஓடும்வரை காத்திருந்து குடம் சுமந்து வந்தார்கள். அப்படி வந்த ஒரு குடத்திலிருந்து சொம்பு தண்ணீர் எடுத்து, சோப்பு போட்டு, விரலிடுக்கெல்லாம் தேய்த்துக் கழுவிக் காட்டினேன். தண்ணீர் மண்ணில் போவதை எல்லோரும் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். குடத்துக்குச் சொந்தக்காரி குப்பம்மா எழுந்து சும்மாட்டைச் சுருட்டிக்கொண்டு சொன்னாள்:

"நாளைக்கி நீங்க ஒரு கொடம் தூக்கினு வாங்க டீச்சர், கைய இன்னா, காலையும் சேத்தே கழுவிக்கிறோம்."

தேறிய பிள்ளை

எங்கள் உத்தியோகத்தின் பெரிய பேஜாரே இதுதான். மற்ற வேலைகளில் காரியம் பலித்தால் பாராட்டு கிடைக்கும். இங்கே பிள்ளை தேறியது என்று சொன்னால் அந்த வீட்டில் இழவு விழுந்த மாதிரி ஆகிவிடும், உருண்டை நின்றுபோகுமே. ராணி என்பவளின் மகனுக்கு எடை நன்றாக ஏறியது. சந்தோஷமாக அட்டையைக் காட்டினேன். அவள் என்னைப் பார்த்த பார்வையை இன்றைக்கும் மறக்கவில்லை.

"பக்கத்து ஊட்டு புள்ள நோஞ்சானா கெடந்து தெனம் உருண்ட துன்னுது. எம்புள்ள நல்லாயி இன்னா சொகத்த கண்டுது?"

எடை நாள் பட்டினி

அதற்குப் பிறகு ஊரில் பிள்ளைகளுக்கு எடையே ஏறவில்லை. ஏன் என்று எனக்குப் புரியவில்லை. ஒரு எடை நாளில் அம்சா தராசில் தொங்கிக்கொண்டு அழுத அழுகையில்தான் விளங்கியது. அது பயத்தில் அழுகிற அழுகை இல்லை, பசி. என் விரலைப் பிடித்து வாயில் வைத்துச் சப்பியது. முள் கூடிவிடக் கூடாது என்பதற்காக, முந்தின நாளிலிருந்தே பிள்ளைகளுக்குச் சோற்றைக் குறைத்துக் கூட்டிவருகிறார்கள்.

எனக்குக் கோபம் வந்தால் கண்மண் தெரியாது. அஞ்சலையை அத்தனை பேர் முன்னால் பிடித்துக் கத்தினேன். பெற்றவள்தானா நீ என்றுகூடக் கேட்டுவிட்டேன். அவள் மல்லாட்டை, அதுதான் நிலக்கடலை, பிடுங்கிச் செம்மண் ஏறிய விரல்களால் பிள்ளையின் மூக்கைத் துடைத்துவிட்டாள்.

"காலைல இங்க வுட்டா உருண்ட துன்னுட்டு உச்சி வரைக்கும் அழாம கெடக்கும். நானு கொல்லிக்கு போவேன். எட ஏறிட்டா அதுவும் போச்சி. அப்பறம் இத தூக்கினு எங்க போறது, நீங்களே சொல்லுங்க டீச்சர்."

சனிக்கிழமை பன்

அஞ்சலையின் புருஷன் ஏழுமலை பாண்டிச்சேரியில் கட்டட வேலை. கண்டமங்கலம் பக்கத்து ஆட்களோடு அங்கேயே தங்கிவிட்டு, சனிக்கிழமை சாயந்திரம் வருவான். வரும்போது திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் பிள்ளைக்குப் பன் வாங்கிவருவான். மேலே ரோஸ் கலரில் சர்க்கரை தடவிய பன். அம்சா அதை நாள் முழுக்கக் கையில் வைத்து நக்கிக்கொண்டிருக்கும். ஈயும் கூடவே நக்கும்.

நான் ஒரு சனிக்கிழமை அவனுக்காகவே கடைசி பஸ்வரை இருந்து பேசினேன். கேப்பைக் கூழ் கொடுங்கள், முருங்கைக்கீரை போடுங்கள், மல்லாட்டையை வறுத்து இடித்துக் கலந்து கொடுங்கள், உங்கள் கொல்லையிலும் வாசலிலும் இருப்பதுதானே, பன்னில் என்ன இருக்கிறது என்று அடுக்கினேன். அவன் மரியாதையாகத்தான் கேட்டான். சிமெண்ட் அரித்த உள்ளங்கையில் அந்தப் பன்னை வைத்துக்கொண்டு, அதையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான்.

"கூழு குடிச்சி வளந்தவன் நானு. எம்புள்ளயும் அதே கூழு குடிக்கணும்னா, நானு பாண்டிக்கு போயி இன்னாத்துக்கு டீச்சர் கல்லு சொமக்கறேன்?"



ஆத்தா வந்த வீடு

அடுத்த பங்குனியில் ஊரில் மணல்வாரி என்கிற தட்டம்மை வந்தது. அம்சா வீட்டு வாசலிலும் வேப்பிலை சொருகிவிட்டார்கள். நான் நாலு வீடு போய் வருகிறவள் என்பதால் உள்ளே விடவில்லை. வாசலுக்கு வெளியே நின்று எட்டிப் பார்த்தேன். பிள்ளை வேப்பிலை மேல் துணி மாதிரி கிடந்தது. எனக்குப் பயமாக இருந்தது. கொழுகொழுவென்று இருக்கிற பிள்ளை அம்மையைத் தாங்கும். இதன் உடம்பில் தாங்குவதற்கு என்ன இருக்கிறது? சுகாதார நிலையத்து நர்ஸை அழைத்துவந்தேன். அவரும் வாசலில் நின்றே பார்த்துவிட்டு, மூச்சு வாங்கினால் உடனே திண்டிவனம் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள், அதுவரை தண்ணீரும் கஞ்சியும் நிறுத்தாதீர்கள் என்று சொல்லிப் போனார். ஆனால் பிள்ளை எதையும் வாங்கவில்லை. வாயெல்லாம் புண். ஏழுமலை வேலையை விட்டுவிட்டு வந்து, தலைமாட்டில் உட்கார்ந்து பன்னைப் பிய்த்துப் பிய்த்து ஊட்டிக்கொண்டிருந்தான். அது வாயிலிருந்து அப்படியே வெளியே வந்தது.

கூழ் கொடு என்று மறுபடியும் சொன்னால் அவன் கேட்கமாட்டான். வாசலில் நின்று, வேறு வழி தெரியாமல் கேட்டேன்.

"ஏழுமலை, உள்ள படுத்திருக்கிறது யாரு?"

"ஆத்தாதான் டீச்சர்."

"ஆடி மாசம் கோயில்ல ஆத்தாளுக்கு என்ன ஊத்துவீங்க?"

"கூழு."

"பன்னு படைப்பீங்களா?"

அவன் கையில் இருந்த பன்னைப் பார்த்தான். அஞ்சலைதான் எழுந்து போய் அடுப்பு மூட்டினாள். கேப்பைக் கூழை ஆறவைத்து, மோர் விட்டுத் தண்ணீராகக் கரைத்துக்கொண்டு வந்தாள். அதை அவள் கையிலிருந்து ஏழுமலை வாங்கினான். சாமிக்கு ஊற்றுகிற பயபக்தியோடு, ஸ்பூன் ஸ்பூனாக, வாய் ஓரமாக விட்டான். முதல் ஸ்பூன் வழிந்துவிட்டது. அடுத்ததில் கொஞ்சம் போயிற்று. தொண்டை அசைந்ததை நான் வாசலிலிருந்தே பார்த்தேன். எனக்கு அழுகை வந்துவிட்டது, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெயிலைத் திட்டினேன். அவன் திரும்பாமலே சொன்னான்:

"ஆத்தாளே குடிக்கிறா டீச்சர். அப்பறம் கூழுக்கு இன்னா கொறச்சலு?"

சத்தமா சொல்லுங்க

அம்மை இறங்கித் தலைக்குத் தண்ணீர் ஊற்றிய பிறகு எடை போட்டபோது, அம்சாவின் முள் பழைய இடத்துக்கும் கீழே நின்றது. பிள்ளை பிழைத்ததே போதும் என்று எல்லோருக்கும் இருந்தது. ஆனால் அந்த வீட்டில் கூழ் நிற்கவில்லை. ஆத்தா குடித்த கூழை யார் நிறுத்துவார்கள்? முருங்கைக்கீரை சேர்ந்தது, இடித்த மல்லாட்டை சேர்ந்தது. ஏழுமலையும் பன்னை விடவில்லை. சனிக்கிழமை முதலில் கூழ், அப்புறம் பன் என்று அவனாக ஒரு சட்டம் போட்டுக்கொண்டான். நானும் பேசாமல் இருந்துவிட்டேன். எல்லாவற்றுக்கும் சண்டை போட உடம்பில் தெம்பு வேண்டுமே.

ஆடி மாதத்து எடை நாள். அதே வேப்பமரம், அதே தராசு, புது எலுமிச்சம்பழம். அம்சா அம்மாவின் விரலைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தது. துணியில் உட்காரவைத்தேன். அழவில்லை, காலை ஆட்டியது. முள் ஏறியது. அந்தப் பிள்ளைக்கு நான் ஒரு நாளும் பார்க்காத இடத்தில் போய் நின்றது. மரத்தடியில் ஊரே நின்றுகொண்டிருந்தது. குப்பம்மா எட்டிப் பார்த்தாள், ராணி எட்டிப் பார்த்தாள். என்னையறியாமல் உள்ளங்கையால் தராசின் வட்டத்தை மூடிக்கொண்டேன்.

அஞ்சலை என் முகத்தைப் பார்த்தாள், மூடியிருந்த கையைப் பார்த்தாள். முள் எங்கே நிற்கிறது என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. நாளையிலிருந்து அம்சாவுக்கு உருண்டை கிடையாது என்பதும் புரிந்திருக்கும். என் கையைப் பிடித்து விலக்கினாள்.

"இன்னாத்துக்கு மறைக்கிறீங்க டீச்சர்? உருண்ட போனா போவுது, ஜல்தி சத்தமா சொல்லுங்க, நாலு பேரு கேக்கட்டும்!"

ஊரில் எத்தனை பேருக்குக் கண்திருஷ்டி பயத்தைத் தெளியவைத்தேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது, ஆனால் அந்த உத்தியோகத்தில் இருந்து நான் வீட்டுக்குக் கொண்டுவந்தது அந்தப் பயம் ஒன்றைத்தான்.