பொட்டு வைத்த ஹார்ட் டிஸ்க்

எங்கள் பிளாட்டில் யாருக்கு எந்த விண்ணப்பப் பாரம் நிரப்ப வேண்டியிருந்தாலும் மூன்றாவது மாடிக்கு ஏறி என் வீட்டுக் கதவைத் தட்டுவார்கள். நான் பாசிர் கூடாங்கில் ஒரு தொழிற்சாலையில் இயந்திரங்களைப் பழுது பார்ப்பவன். பாரம் நிரப்புவதற்கும் எனக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஆனால் மாசாயில் எங்கள் புளோக்கில் முதன்முதலாகக் கம்ப்யூட்டரும் ஸ்கேனரும் வாங்கியவன் நான்தான். அந்தப் பெருமையில் ஒரு தீபாவளியன்று, எதுவாக இருந்தாலும் என்னிடம் வாருங்கள் என்று எல்லாரிடமும் சொல்லித் தொலைத்தேன். வந்தார்கள். பிள்ளைகளின் உதவிநிதி, வீட்டு விண்ணப்பம், பென்ஷன், கல்யாணப் பத்திரிகை என்று வருடக்கணக்காக வந்தார்கள். நான் யாரிடமும் எதுவும் வாங்கியதில்லை. அறிவுரை சொல்லும் உரிமையை மட்டும் எடுத்துக்கொண்டேன், அதில் குறை வைக்கவில்லை.

என் அறிவுரை எப்போதும் ஒன்றுதான். காகிதத்தை நம்பாதீர்கள். கிழியும், கரையான் தின்னும், எங்கே வைத்தோம் என்று மறந்துபோகும். கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டால் ஒரு பயமும் இல்லை.

இதை முழுசாக நம்பியவர் கீழ்மாடி அக்கா ஒருவர்தான். பள்ளிக்கூடக் கேன்டீனில் பாத்திரம் கழுவுகிறார். பெக்கோக் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவர். பெற்றவர்கள் பிறப்பைப் பதியவில்லை. அதனால் அறுபது வயதைத் தாண்டியும் கையில் சிவப்பு ஐசி, குடியுரிமை இல்லாதவர்களுக்குக் கொடுக்கும் அடையாள அட்டை. இங்கேயே பிறந்து, இங்கேயே வாழ்க்கைப்பட்டு, பக்கத்திலிருக்கும் சிங்கப்பூரைக்கூட ஒருநாள் எட்டிப் பார்க்காத மனுஷி, காகிதத்தில் இந்நாட்டுக் குடிமகள் இல்லை. தேர்தல் நாளில் புளோக்கே கிளம்பிப்போய் ஓட்டுப் போட்டுவிட்டு விரலில் மையோடு திரும்பும். அக்கா படிக்கட்டுக்குக் கீழே மேசை போட்டு எல்லாருக்கும் காப்பி கொடுப்பார். அப்படியே எனக்கும் கொஞ்சம் மை வாங்கி வந்திருக்கலாமே என்று கேலி பேசுவார். நாங்கள் காப்பியைக் குடித்துக்கொண்டே சிரிப்போம். அதற்குச் சிரித்திருக்கக் கூடாது.

சாவதற்குள் குடிமக்களுக்கான நீல ஐசி வாங்கி ஒரே ஒருமுறை ஓட்டுப் போட்டுவிட வேண்டும் என்பது அவர் ஆசை. விண்ணப்பத்தை நான்தான் நிரப்பிக் கொடுத்தேன். அவர் இங்கே பிறந்ததற்கு இருந்த ஒரே சாட்சி, தோட்டத்து ஆஸ்பத்திரியில் வைத்தியம் பார்த்த டிரஸ்ஸர் அந்தக் காலத்தில் எழுதிக் கொடுத்த ஒரு கடிதம். அதை ஸ்கேன் செய்து கம்ப்யூட்டரில் ஏற்றினேன். இனி அசல் எங்கே இருந்தால் என்ன என்றும் சொன்னேன். அக்கா அதை அப்படியே வேதவாக்காக எடுத்துக்கொண்டு, கோத்தா திங்கியில் தம்பி வீட்டு இரும்பு அலமாரியில் கொண்டுபோய் வைத்தார். அடுத்த வருஷமோ அதற்கடுத்த வருஷமோ வெள்ளத்தில் ஆறு வீட்டுக்குள் வந்தது. அலமாரி அப்படியே நின்றது. கடிதம் கஞ்சியாகிவிட்டது. அக்கா அழுதுகொண்டு மேலே ஏறி வந்தபோது, "அழாதீங்கக்கா, எங்கிட்ட பத்திரமா இருக்கு" என்றேன். உண்மையைச் சொல்கிறேன், அதைச் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாகவே இருந்தது.

இந்த வருஷம் பதிவு இலாகாவிலிருந்து நேர்காணலுக்குக் கூப்பிட்டுக் கடிதம் வந்தது. ஆதாரங்களைக் கொண்டுவர வேண்டும், ஒன்பது நாள் இருந்தது. அன்று சாயங்காலமே கம்ப்யூட்டரைப் போட்டேன். போட்டுச் சில வாரம் ஆகியிருந்தது. திரை கறுப்பாகவே நிற்க, பெட்டிக்குள்ளிருந்து டக், டக் என்று ஒரு சத்தம்.

சத்தத்தை வைத்துச் சீக்கைச் சொல்வதுதான் என் பிழைப்பு. தொழிற்சாலையில் ஒரு மோட்டார் இப்படித் தட்டினால் உடனே நிறுத்திவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பேன். வீட்டில் என்ன செய்தேன்? நிறுத்தி, போட்டு, மறுபடி நிறுத்தி, மறுபடி போட்டு, பெட்டியின் பக்கவாட்டில் ஓர் அடியும் வைத்தேன். நாலாவது தடவை, ஹார்ட் டிஸ்க் கெடப் போகிறது, உள்ளதைப் பத்திரப்படுத்திக்கொள் என்று திரையில் எழுத்து வந்தது. அறிவுரை கேட்கும் முறை எனக்கும் வந்துவிட்டது.

அக்கா தினமும் கீழிருந்தே பிரின்ட் எடுத்தாகிவிட்டதா என்று கேட்பார். முதல் நாள் வேலை அதிகம் என்றேன். மறுநாள் பேப்பர் தீர்ந்துவிட்டது என்றேன். அதற்கு மறுநாள் வாசலில் ஒரு முழு ரீம் பேப்பர் இருந்தது. அதைத் தூக்கி உள்ளே வைக்கும்போது என் மேலேயே எனக்கு வெறுப்பாக இருந்தது.

சனிக்கிழமை கடைக்குப் போய்ப் புது டிஸ்க் வாங்கி வந்தேன். கடைக்காரரிடமே வேலையைக் கொடுத்திருக்கலாம். ஆனால் ஊரெல்லாம் என்னைத் தேடி வரும்போது நான் ஒரு கடையைத் தேடிப் போவதா? பெட்டியின் மூடியைக் கழற்றினேன். உள்ளே ஒரு கரப்பான் குடும்பம் மூன்று தலைமுறை வாழ்ந்து முடித்திருந்தது. மனைவி பெயின்ட் பிரஷ்ஷால் தூசியைத் தட்ட, நான் திருகுகளைக் கழற்றிப் பழைய டிஸ்க்கை வெளியே இழுத்தேன்.

அதன் நெற்றியில் பொட்டு இருந்தது. காய்ந்து வெடித்த சந்தனம், அதன் நடுவே கறுத்துப்போன குங்குமம்.

வைத்தவன் நான்தான். எட்டு வருஷத்துக்கு முன் இதே பெட்டியில் இந்த டிஸ்க்கை மாட்டிய நாள் ஆயுத பூஜை. அன்று எங்கள் தொழிற்சாலையில் எல்லா இயந்திரத்துக்கும் பொட்டு வைத்துவிட்டு, வீட்டுக்கு வந்து மோட்டார் சைக்கிள், துளைக்கும் மெஷின், ரைஸ் குக்கர் வரைக்கும் வரிசையாக வைத்துக்கொண்டே வந்தேன். புத்தம்புதிய டிஸ்க்கை மட்டும் வெறும் நெற்றியோடு உள்ளே அனுப்ப மனசு வரவில்லை. அதில் அழகாக ஒரு சின்ன வட்டம் வேறு இருந்தது. பொட்டு வைக்கவே இடம் விட்டிருக்கிறான் என்று நினைத்து அதன்மேல் அழுத்தி வைத்தேன்.

இப்போது நகத்தால் சுரண்டினேன். சந்தனத்துக்கு அடியில் ஒரு துளையும், அதைச் சுற்றி ஆங்கில எழுத்தும் வந்தன. இந்தத் துளையை மூடாதீர்கள் என்று எழுதியிருந்தது. டிஸ்க் காற்று வாங்கும் வழியாம் அது.

மனைவியும் படித்தாள். பிறகு, "எட்டு வருஷமா மூச்ச புடிச்சிக்கிட்டு ஓடியிருக்குங்க, பாவம்" என்றாள். பொட்டினால்தான் கெட்டது என்று அடித்துச் சொல்ல முடியாது, எட்டு வருஷம் ஓடினாலே வயதுதான் என்று நான் விளக்க ஆரம்பித்தேன். அவள் பூஜை அறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு எழுந்து போனாள்.

புது டிஸ்க்கை மாட்டி, அதில் கம்ப்யூட்டர் ஓடத் தேவையானதையெல்லாம் ஏற்றி முடிக்கவே மத்தியானம் ஆகிவிட்டது. பிறகு பழையதை ஒரு துண்டின்மேல் படுக்கவைத்து ஒயரை இணைத்தேன். சூடாகாமல் இருக்க மனைவி மேசை விசிறியை அதன் பக்கம் திருப்பி வைத்தாள். கொஞ்ச நேரம் தட்டிவிட்டு, திரையில் அதன் பெயர் வந்தது. சாகக் கிடக்கும் டிஸ்க்கில் ஊர் சுற்றக் கூடாது, வேண்டியதை முதலில் எடுத்துவிட வேண்டும். இது எனக்கு நன்றாகத் தெரியும். தெரியாதது, வேண்டியது எங்கே இருக்கிறது என்பதுதான்.

ஏனென்றால் வருகிறவர்களை எப்படிக் கூப்பிடுவேனோ அப்படியே பெயர் வைத்திருந்தேன். அக்கா. அக்கா புதுசு. கடை அண்ணன். அக்கா 2. மாமா லோன். அக்கா கடைசி. அதற்குப் பிறகும் ஏழு அக்கா. மொத்தம் பதினோரு அக்கா. எங்கள் புளோக்கில் யாரையாவது பெயர் சொல்லிக் கூப்பிட்டால் மரியாதை தெரியாதவன் என்பார்கள். அந்த மரியாதையைக் கம்ப்யூட்டருக்குள்ளும் காப்பாற்றியிருக்கிறேன். அக்காவின் முழுப் பெயரை விண்ணப்பத்தில் எழுத்து எழுத்தாக அடித்தவன் நான். இங்கே ஓர் இடத்திலும் அதைக் காணோம்.

ஒவ்வோர் அக்காவும் திறக்கப் பல நிமிஷம் எடுத்தார். முதல் அக்கா கல்யாணப் பத்திரிகை. இரண்டாவது அக்கா பேருந்துக் கம்பெனிக்கு எழுதிய புகார். நாலாவது அக்காவில் டிஸ்க் பத்து நிமிஷம் தட்டியது. அந்த நேரம் பார்த்துக் கீழ்மாடி அக்காவே, முட்டிவலியோடு மூன்று மாடியும் ஏறி வந்துவிட்டார். துண்டின்மேல் கிடந்ததைப் பார்த்தார். மறைக்க இனி ஒன்றும் இல்லை. டிஸ்க் கெட்டுவிட்டது என்று நடந்ததைச் சொன்னேன். பொட்டை மட்டும் சொல்லவில்லை. அவர் நாற்காலியில் உட்கார்ந்து திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வையைவிட நாலு வார்த்தை திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

ஒன்பதாவது அக்காவில் கடிதம் இருந்தது. புது டிஸ்க்குக்கு அனுப்பினேன். பச்சைக் கோடு பாதி வரை ஓடி நின்றது. மூவரும் மூச்சுவிடவில்லை. பிறகு மெல்ல நகர்ந்தது, நின்றது, நகர்ந்தது, முடிந்தது. பழைய டிஸ்க் இரண்டு தடவை தட்டி அடங்கியது. அதற்குப் பிறகு அது எழுந்திருக்கவே இல்லை. மற்ற அக்காக்களும் கடை அண்ணனும் எங்கள் கல்யாணப் படங்களும் அதோடு போய்விட்டன. நான் அதையெல்லாம் நினைக்கும் நிலையில் இல்லை. மனைவியின் கையைப் பிடித்துக் குதிக்காத குறைதான்.

கடிதத்தைத் திறந்தேன். அவ்வளவு தெளிவு. குண்டூசி குத்தியிருந்த இடத்தில் துருக்கறைகூடத் தெரிந்தது. அக்கா வாங்கிவைத்த பேப்பரிலேயே பிரின்ட் எடுத்து, இரண்டு கையாலும் நீட்டினேன்.

அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். அவருக்கு ஆங்கிலம் வாசிக்க வராது. ஆனால் அந்தத் தாள் ஐம்பது வருஷம் அவரிடம் இருந்தது. ஒருதரம் மேலிருந்து கீழே பார்த்துவிட்டுத் திருப்பினார். பின்பக்கம் வெள்ளையாக இருந்தது.

"பின்பக்கம் எங்க தம்பி?"

எனக்கு முதலில் புரியவில்லை.

"டிரஸ்ஸர் பின்னாலதானே ஆஸ்பத்திரி முத்திர சாப் அடிச்சி கையெழுத்து போட்டிருந்தாரு. எங்கம்மா பேரும் அங்கதான இருந்துச்சு."

தாளை வாங்கிப் பார்த்தேன். கடைசி வரிக்குக் கீழே, பின்பக்கம் பார்க்கவும் என்று பொடி எழுத்தில் ஆங்கிலத்தில் இருந்தது. ஸ்கேன் எடுத்த அன்று நான் அதைப் படிக்கவும் இல்லை, தாளைத் திருப்பவும் இல்லை. டிஸ்க்கின் மேல் ஒரு குற்றமும் இல்லை. நான் கொடுத்ததை அது எழுத்துப் பிசகாமல் திருப்பிக் கொடுத்திருக்கிறது. அக்காவின் முகத்தைப் பார்க்கவே எனக்குக் கூசியது. அவர் தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, இதையாவது கொண்டுபோய்க் காட்டுவோம் என்று எனக்கே ஆறுதல் சொல்லிவிட்டுக் கீழே இறங்கிப் போனார்.

நேர்காணல் அன்று லீவு போட்டுவிட்டு நானே காரில் அழைத்துப் போனேன். தப்பு முழுக்க என்னுடையது, அந்த அம்மாள் கொண்டுவந்த கடிதத்தில் இரண்டு பக்கமும் இருந்தது என்று மலாயில் எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். அக்கா பட்டுச்சேலை கட்டியிருந்தார். அதிகாரி என் மகள் வயதுப் பெண். மரியாதையாக உட்காரச் சொல்லி, கடிதத்தை நிதானமாக வாசித்து, திருப்பினார். பிறகு என்னையும் அக்காவையும் மாறி மாறிப் பார்த்து, பின்பக்கத்தை ஏன் எடுக்கவில்லை என்று கேட்டார்.

நான் தொண்டையைக் கனைத்தேன். அதற்குள் அக்கா முந்திக்கொண்டு, தனக்குத் தெரிந்த உடைசல் மலாயில் பதில் சொன்னார். நான்தான் இவரிடம் ஒரு பக்கம் போதும் என்று சொன்னேன், எனக்கு விவரம் தெரியாது, இவர் மேல் தப்பில்லை என்றார்.

அதிகாரி அதை அப்படியே ஃபைலில் எழுதிக்கொண்டார். அவர் எழுதி முடிக்கும்வரை எனக்கு நேரம் இருந்தது. நான் வாயைத் திறக்கவில்லை.