நம்ம ஊர் நேரம் ஆறு பத்து

எனக்கு மறுத்துப் பேச வராது. பள்ளிக்கூடத்தில் உதவியாளர் வேலை. மணி அடிப்பேன், கோப்பு எடுத்துப் போவேன். படிப்பு பத்தாவது வரைதான். மாணவிகள் எட்டுப் பேரைச் சிங்கப்பூருக்குக் கல்விச் சுற்றுலா அழைத்துப் போக வேண்டிய டீச்சர் காலை உடைத்துக்கொண்டார். பிள்ளைகளோடு ஒரு பெண் துணை கட்டாயம் வேண்டும். பாஸ்போர்ட் வைத்திருந்த இன்னொரு பெண் நான்தான். வெளிநாட்டில் இருக்கும் அக்கா மகளைப் பார்க்கப் போகலாம் என்று எடுத்தது, போகாமலே கிடந்தது. கேட்டார்கள், சரி என்றேன்.

கிளம்பும் அன்று பள்ளி வாசலில் ஒரு பிள்ளையின் அம்மா என்னைத் தனியாக இழுத்தாள். செவிலிமேட்டிலிருந்து டவுன் பஸ் பிடித்து வந்திருந்தாள்.

"அக்கா, ஒன்பதாவது முடிக்கப் போறா, இன்னும் வயசுக்கு வரல. அங்க போய் ஆச்சுன்னா நேரத்தை மட்டும் கரெக்டா குறிச்சு வச்சுக்கோங்க. ஜாதகம் எழுதணும், ஜோசியர் நிமிஷத்தோட கேப்பாரு. உடனே போன் போடுங்க. ரூமை வுட்டு வெளிய அனுப்பாதீங்க."

அதற்கும் சரி என்றேன்.

போன இடத்தில் என் வேலை எண்ணுவதுதான். ரயிலில் ஏறினால் எட்டு, இறங்கினால் எட்டு. கூட வந்த சயின்ஸ் சார் ஒரே கேள்விதான் கேட்பார்: "எட்டுப் பேரும் இருக்காங்களாம்மா?" நடந்து நடந்து கால் வீங்கி, செருப்பு வார் பதிந்துவிட்டது. எஸ்கலேட்டர் முன்னால் நான் தயங்கி நிற்கும்போதெல்லாம் பின்னாலிருந்து குரல் வரும்: "இன்னாக்கா, சாமி கும்புட்டுக்கினு நிக்கிறீங்க? ஏறுங்க, நாங்க புடிச்சுக்கிறோம்." வாட்ச்சில் நேரத்தை மாற்றக்கூட எனக்கு அலுப்பு. நம்ம ஊர் நேரமே ஓடிக்கொண்டிருந்தது.

மூன்றாம் நாள் காலை, சாப்பிடக் கீழே போகும் நேரத்தில், அந்தப் பிள்ளை குளியலறைக் கதவை விரல் அளவு திறந்து என்னைக் கூப்பிட்டாள். மற்ற ஏழு பேரும் லிஃப்டுக்குப் போயிருந்தார்கள். என் பையிலிருந்ததை எடுத்துக் கொடுத்துவிட்டு, பழக்கத்தில் வாட்ச்சைப் பார்த்தேன். ஆறு பத்து.

"அக்கா, அம்மாகிட்ட சொல்லாதீங்க."

"சொல்லாம எப்டிமா? உங்கம்மாகிட்ட ஒத்துக்கினு வந்திருக்கேன்."

"நாளைக்கி நான்தான்க்கா பேசணும். தெரிஞ்சா ரூம்லயே உக்கார வச்சிருவாங்க. சார்கிட்டயும் போன்ல சொல்லிடுவாங்க. அப்புறம் வேற யாராச்சும்தான் பேசுவாங்க."

மறுநாள் அங்கே ஒரு பள்ளியில், நம் ஊரைப் பற்றி எங்கள் பள்ளி சார்பில் ஐந்து நிமிடம் பேச வேண்டும். மூன்று மாதமாகச் சாப்பாட்டு மணியில் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் நின்று, சுவரைப் பார்த்துப் பேசிப் பழகினாள். குழாயடியில் தட்டு கழுவிக்கொண்டே நான் கேட்டிருக்கிறேன்.

"கிளம்புற அன்னிக்கி ஆச்சுன்னு சொல்லிடுங்கக்கா."

சரி என்று நான் சொல்லவில்லை. மாட்டேன் என்றும் சொல்லவில்லை. சாயங்காலம் அவள் அம்மா போன் செய்தாள்.

"இன்னாக்கா, சாப்பிடுறாளா? ஒண்ணும் விசேஷம் இல்லியே?"

"ஒண்ணும் இல்லமா."

இவ்வளவு சுலபமாக வாயில் வரும் என்று நான் நினைத்திருக்கவில்லை.

மறுநாள் அவள் பாலாற்றைப் பற்றிப் பேசினாள். மணல் மட்டுமே இருக்கும் ஆறு. ஒரு மழைக்குத் தண்ணீர் வந்ததும் ஊரே வேலையை விட்டுவிட்டுப் பாலத்தில் நின்று வேடிக்கை பார்த்தது. அந்த ஊர்ப் பிள்ளைகள் சிரித்தார்கள். ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டுதான் நின்றாள். குரல் மட்டும் தடுக்கவில்லை. நான் கடைசி வரிசையில் குளிர்ந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். முடிவை நான் கேட்கவில்லை. தூங்கிவிட்டேன். கைதட்டல்தான் எழுப்பியது.

அதற்கு அடுத்த நாள் திரும்பினோம். பள்ளி வாசலில் வேன் நின்றதும் அவள் அம்மாவிடம் சொன்னேன்.

"இன்னிக்கிக் காலைல ஆச்சுமா. கிளம்புறதுக்கு முன்னாடி."

"நேரம்?"

"ஆறு பத்து."

"அந்த ஊரு நேரமா, நம்ம ஊரு நேரமா?"

வாட்ச்சைக் காட்டினேன். "நம்ம ஊரு நேரம்தான். மாத்தவே இல்ல."

அவள் என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "அவ்ளோ அலைச்சல்லயும் நிமிஷத்தோட பாத்திருக்கீங்களேக்கா." எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. வேனிலிருந்து பைகளை எண்ணி இறக்கப் போனேன்.

சடங்குக்குப் போகாமல் இருக்கத்தான் நினைத்தேன். அவள் அம்மாவே வீட்டுக்கு வந்து அழைத்ததால் போனேன். ஜோசியர் எழுதிக் கொடுத்த, மஞ்சள் தடவிய தாளை என்னிடம் கொண்டுவந்து காட்டினாள்.

"வியாழக்கிழமையாப் போச்சு, நல்ல நாளாம். ரெண்டு நாள் முன்னால செவ்வாய்ல ஆகியிருந்தா தோஷம்னு எழுதியிருப்பாராம். உங்க புண்ணியம்க்கா."

நிஜமாக ஆன நாள் செவ்வாய் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. நாளைக்கு மாப்பிள்ளை பார்க்கும்போது இந்தத் தாளைத்தான் எடுப்பார்கள். நான் செய்தது பிள்ளைக்கு நல்லதா கெட்டதா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. தாளை மடித்துத் திருப்பிக் கொடுத்தேன்.

மேடையேறிப் பிள்ளையின் நெற்றியில் சந்தனம் வைத்தேன். மாலையும் பட்டுப்புடவையும் அவளை அழுத்திக்கொண்டிருந்தன. போட்டோவுக்குச் சிரித்தபடியே முணுமுணுத்தாள்: "ஓலைத் தடுப்புல தனியா உக்கார வச்சு வியாழக்கிழமைலேருந்து எண்ணினாங்கக்கா. உங்களால ரெண்டு நாள் எக்ஸ்ட்ரா."

"என்னாலயா?"

"சரி, என்னாலதான். சாப்ட்டுட்டுப் போங்க."

பந்திக்குப் போய் உட்கார்ந்தேன். கால் வீக்கம் அன்றைக்கும் முழுதாக வடிந்திருக்கவில்லை.