இரண்டாவது கியர்

ராஜவீதித் திருப்பத்தில் இன்று அந்தப் பழைய சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரின் இரண்டாவது கியர் கரகரவென்று அரைத்தது. பட்டுக்கடை முதலாளியின் கார் அது. முன்பு ஓட்டியவர் என் அப்பா. கியரை நியூட்ரலில் ஒரு நொடி நிறுத்துவார், கிளட்சை மறுபடி மிதிப்பார், "வாம்மா, மெதுவா" என்று காரிடம் சொல்வார். சத்தமின்றி விழும்.

அவர் படுக்கையில் விழுந்தபின் புது டிரைவர் எங்கள் தெருவழியே அரைத்துக்கொண்டு போவார். அப்பாவுக்கு முகம் சுருங்கும்.

"கியர் பல்லு போவுதுடா. அந்த டிரைவர்கிட்ட கிளட்ச ரெண்டு தபா மிதிக்கச் சொல்லுடா."

"படிச்சிக்கினு இருக்கேன்பா. நாளைக்குச் சொல்றேன்."

விடிவதற்குள் அப்பா போய்விட்டார்.

இன்று சிக்னலில் கார் நின்றதும் ஓடிப்போய், கிளட்சை இரண்டு முறை மிதிக்கும்படி அதே டிரைவரிடம் சொன்னேன்.

"யாருபா சொன்னது?"

"எங்கப்பா சொல்லச் சொன்னாரு. நான்தான் லேட் பண்ணிட்டேன்."

கார் கிளம்பியது. காது கொடுத்து நின்றேன். இரண்டாவது கியர் சத்தமின்றி விழுந்தது.