தேவகி நட்ட கொம்பு

கொட்டகைக் கதவை யாராவது தட்டினால் தேவகி உடனே திறக்கமாட்டாள். ஓலைச் சந்தில் கண்ணை வைத்து முதலில் காலைப் பார்ப்பாள். பூட்ஸ் கால் என்றால் பின்பக்கமாக ஏரிக்கரைக்கு ஓட்டம். செருப்புக் கால் என்றால் மூச்சுக் காட்டமாட்டாள். வெறுங்கால் என்றால்தான், "யாரு?" என்று ஒரு வார்த்தை வரும். அதுவும் தெரிந்த கால்தானா என்று இன்னொரு தரம் பார்த்த பிறகு.

இத்தனைக்கும் உள்ளே நடந்தது கஞ்சி காய்ச்சுகிற வேலை.

தேவகி பிறந்தது பழவேற்காடு லைட்ஹவுஸ் குப்பத்தில், கட்டுமரக்காரர் வீட்டில். அப்போது வைத்த பேர் தேவராஜ். மூன்றாம் வகுப்போடு சிலேட்டைப் போட்டுவிட்டு மீன் கூடை தூக்கினாள். மீசை அரும்புகிற வயதில் புடவை கட்டிக்கொண்டு கங்கையம்மன் முன்னால் போய் நின்றாள். அவளுடைய நைனா துடுப்பால் அடித்த அடியில் முதுகுத் தோல் உரிந்தது. அன்றைக்கே மெட்ராசுக்கு ரயில் ஏறினாள். அங்கே தன்னைப் போன்றவர்களோடு சில வருஷம் இருந்தாள். ஒருநாள் போலீஸ் வந்து எல்லாரையும் அள்ளிக்கொண்டு போய் மொட்டை அடித்து அனுப்பியது. உன்கூட ஒரே தட்டில் தின்றவள்தான் உன்னைக் காட்டிக்கொடுத்தாள் என்று ஒரு போலீஸ்காரன் சிரித்துக்கொண்டே சொன்னான். அடி ஆறிவிட்டது. அந்தப் பேச்சு ஆறவில்லை.

நைனா காலமான பிறகு குப்பத்துக்குத் திரும்பிக் கருவாடு போட்டுப் பிழைத்தாள். குப்பத்துக்கு ஒரு பக்கம் கடல், மறு பக்கம் ஏரி. ஏரிப் பக்கம் கைருன் பீவியின் பழைய கருவாட்டுக் கொட்டகை சும்மா கிடந்தது. பழவேற்காட்டில் ஒரு காலத்தில் கப்பல் வியாபாரம் செய்த குடும்பத்து அம்மாள் அவர். முடியாதவர்களுக்குக் கஞ்சி காய்ச்ச அதைத் தேவகி கேட்டாள். அல்லா பேரால் நாலு வயிற்றுக்குக் கஞ்சி போனால் தனக்கும் நன்மைதான் என்று சொல்லி விட்டுக்கொடுத்தார். வேறு ஒன்றும் கேட்கவில்லை. அதனாலேயே தேவகிக்கு ஆறு மாதம் அவர் மேலும் சந்தேகம் இருந்தது.

முதலில் வந்தவர் டவுனில் தையல் கடை வைத்திருந்த கௌஸ் மைதீன். கல்யாணப் பேச்சை எடுத்தாலே ஊரை விட்டு ஓடுகிறவர். பிறகு ஏரித் தீவுகளிலிருந்து ஒவ்வொருவராக வந்தார்கள். ஆணாய்ப் பிறந்து பெண்ணாய் வாழ ஏங்கினவர்கள், ஆணாயிருந்தும் ஆண்மேலேயே மனசு போனவர்கள். வெள்ளிக்கிழமை கூடுவார்கள். படுத்த படுக்கையான கிழடுகட்டைகளுக்குக் கஞ்சி கொண்டுபோவார்கள். ஆளில்லாத நோயாளியைப் பஸ் ஏற்றிப் பொன்னேரி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவார்கள். வீட்டை விட்டுத் துரத்தினவனுக்கு அங்கே நாலு நாள் பாய் உண்டு. யாருக்கும் கூலி கிடையாது. குருணை இருக்கிறவன் குருணை கொண்டுவருவான், ஒன்றும் இல்லாதவன் பாத்திரம் விளக்குவான். வேலை முடிந்த பிறகு கதவைச் சாத்திக்கொண்டு, வெளியே பேச முடியாததையெல்லாம் பேசுவார்கள். சிரிப்பும் இருக்கும், அழுகையும் இருக்கும்.

யார் வீட்டுப் பிள்ளை என்று அங்கே யாரும் யாரையும் கேட்கக் கூடாது. அது தேவகி போட்ட சட்டம்தான். ஆனால் மனசுக்குள் அவளே ஒவ்வொருவரையும் கேட்டுக்கொண்டிருந்தாள். இவன் ஏன் வருகிறான், யாரிடம் போய்ச் சொல்வான். அதிலும் பசியாவரம் தீவுச் செங்கல்வராயன் மேல் அவளுக்கு ஒரு கண். கல்யாணமானவன், இரண்டு பிள்ளைகள். அதிகம் பேசமாட்டான். மீஞ்சூரில் ஒருத்தனை நினைத்துக்கொண்டே வாழ்கிறேன் என்று ஒரே ஒரு தரம் சொல்லியிருக்கிறான். இழக்கிறதற்கு நிறைய இருக்கிறவன்தான் முதலில் காட்டிக்கொடுப்பான் என்று தேவகி கணக்குப் போட்டு வைத்திருந்தாள்.

படகில் வருகிறவர்களுக்கு ஓர் அடையாளம் வேண்டியிருந்தது. சில வெள்ளிக்கிழமை குப்பத்தில் போலீஸ் நடமாட்டம் இருக்கும், அன்றைக்கு யாரும் வரக் கூடாது. அதனால் தேவகி ஒரு சவுக்குக் கொம்பில் பழைய புடவைத் துணியைக் கட்டி நட ஆரம்பித்தாள். துணி பறந்தால் வரலாம் என்று அர்த்தம். கடல் பக்கத்துப் பிள்ளைக்கு இது புதிதில்லை. அலை மோசமாக இருக்கிற நாளில் கட்டுமரம் கரை பிடிக்க இப்படித்தான் துணி காட்டுவார்கள். கரையில் நட்டால் முள்செடி மறைக்கிறது என்று முழங்கால் தண்ணீரில் இறங்கி நட்டாள்.

அங்கேதான் வினை வந்தது. ஏரியில் இன்ன நாள், இன்ன இடத்தில், இன்ன ஊர்தான் வலை விடலாம் என்று முறை உண்டு. அதற்குப் பாடு என்று பேர். முறைக்காரர்கள் தண்ணீருக்குள் துணி கட்டிய கொம்பை நட்டுவிட்டால் அந்த இடம் அன்றைக்கு அவர்களுடையது, மற்றவன் படகைத் திருப்பிக்கொண்டு போக வேண்டும். கடலில் பிழைத்த வீட்டில் பிறந்த தேவகிக்கு இது தெரியாது.

அவள் தண்ணீரில் நட்ட அந்த வெள்ளிக்கிழமை அந்த இடம் பசியாவரத்தின் பாடு. வலையோடு வந்தவர்கள் கொம்பைப் பார்த்தார்கள். அக்கரை ஊர்க்காரன் முறையைத் திருடிவிட்டான் என்று வயிறெரிந்து திரும்பினார்கள். மறுநாள் இரண்டு ஊர்ப் படகும் நடு ஏரியில் முட்டிக்கொண்டன. துடுப்படியில் ஒருத்தனுக்கு மண்டை உடைந்தது. பிறகுதான் அக்கரைக்காரர்கள் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்தார்கள், கொம்பு எங்களுடையது இல்லை என்று.

மூன்றாம் நாள் பசியாவரத்திலிருந்து தேவகிக்கு ஆள் வந்தது, பஞ்சாயத்துக்கு வா என்று.

தேவகி விரலை மடக்கிக் கணக்குப் பார்த்தாள். திரும்பின படகுகளில் ஒன்றில் செங்கல்வராயன் இருந்திருக்கிறான். அது யார் கொம்பு என்று அங்கே அவன் ஒருத்தனுக்குத்தான் தெரியும். அன்றைக்கு வாயை மூடிக்கொண்டிருந்தவன் இப்போது ஊர் பயத்தில் கக்கிவிட்டான்.

"அவன்தான் சொல்லியிருப்பான்," என்றாள் கௌஸ் மைதீனிடம்.

"அவன் சொல்லியிருந்தா அவன் பேரும்தானே அக்கா வெளிய வரும்?"

"நீ வக்காலத்து வாங்காதே. உன்னையும் எனக்கு முழுசா தெரியாது."

கௌஸ் மைதீன் படகைத் தள்ளினார். வேண்டாம் என்று அவள் தடுத்தும் கூடவே வந்தார்.

கோயில் முன்னால் ஊர் கூடியிருந்தது. நடுவில் பெரியவர் சுப்பராயலு. ஆண்கள் கூட்டத்தில் செங்கல்வராயன் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தான். பெண்கள் பக்கம் அவன் மனைவி மனோரமா.

"உன்ன இன்னான்னு கூப்புடறதுன்னே தெரில," என்றார் சுப்பராயலு. கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது.

"தேவகின்னு கூப்புடுங்க நைனா. அதான் பேரு."

அவர் கொம்பில் கட்டியிருந்த துணியை எடுத்துக் காட்டினார். மாம்பழ நிறத்தில் பச்சைக் கரை. இந்தப் புடவையைக் கட்டிக்கொண்டு நீ மீன் ஏலத்தில் நின்றதை ஏரியே பார்த்திருக்கிறது, இல்லை என்பாயா என்று கேட்டார். காட்டிக்கொடுத்தது புடவைதான் என்று தேவகிக்கு அப்போதுதான் தெரிந்தது. ஆனாலும் செங்கல்வராயன் பக்கம் பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை. இன்னும் நேரம் இருக்கிறது, இனிமேலும் அவன் சொல்லிவிடலாம்.

கொம்பு தன்னுடையதுதான், ஏரி வழக்கம் தெரியாமல் செய்த பிழை என்று கும்பிட்டாள். யாருக்குக் காட்ட நட்டாய் என்று கேட்டார்கள். கஞ்சிக்கு வருகிறவர்களுக்கு என்றாள். கஞ்சிக்கு எதற்குக் கதவைச் சாத்த வேண்டும், கடத்தல் சரக்கு இறக்கத்தானே இந்தத் துணி என்று ஒருத்தன் எழுந்தான். அம்மன் மேல் ஆணையாக அப்படி ஒன்றும் இல்லை என்றாள்.

"அப்போ வந்தவங்க பேரைச் சொல்லு," என்றார் சுப்பராயலு. "சொல்லலேன்னா கொட்டாய இன்னிக்கே பிரிச்சிடுவோம்."

கொட்டகை போனால் அத்தனை பேருக்கும் கூட வேறு இடம் கிடையாது. பேரைச் சொன்னால் செங்கல்வராயன் குடும்பம் போயிற்று, இன்னும் எத்தனையோ பேரும் போனார்கள். தேவகி மனசுக்குள் ஆத்தாளைக் கூப்பிட்டாள்.

"பிரிச்சிடுங்க நைனா," என்றாள்.

கூட்டம் சலசலத்தது. ஆண்கள் பக்கம் ஒருத்தன் எழுந்து நின்றான். செங்கல்வராயன்.

"நான் போறேன் பெரியவரே. கொஞ்ச காலமாவே போறேன். கஞ்சிக்குத் தண்ணி எடுப்பேன், கெழவங்களைக் குளிப்பாட்டுவேன். அன்னிக்குக் கொம்பப் பாத்ததும் எனக்குத் தெரியும். சொல்லாம உட்டது நான்தான். மண்டை ஒடஞ்சது என்னாலதான்."

ஏன் சொல்லவில்லை என்று கேட்டார்கள்.

"அதுங்ககூட உனக்கு இன்னா வேலைன்னு நீங்க கேப்பீங்க. இப்ப கேக்கறாப்பல."

சொல்லிவிட்டு உட்கார்ந்தான். கேட்டவர்களுக்கும் மேலே கேட்க என்னவோ போலிருந்தது. கடைசியில் தீர்ப்பு வந்தது. செங்கல்வராயனுக்கு ஒரு முறைப் பாடு கிடையாது. தேவகி இனித் தண்ணீரில் கொம்பு நடக் கூடாது. கொட்டகை இருக்கட்டும், ஆனால் உள்ளே என்ன நடக்கிறதென்று ஊர் ஆள் ஒருத்தர் வந்து பார்க்க வேண்டும்.

"நான் போய்ப் பாக்கறேன்," என்றாள் மனோரமா. புருஷனை அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

திரும்புகிற வழியில் தேவகி படகுத்துறையில் செங்கல்வராயனைப் பிடித்தாள். எதற்காக எழுந்தாய், யார் சொல்லி எழுந்தாய் என்று கேட்டாள். சந்தேகம் அவளுக்கு வியாதி மாதிரி, அப்போதும் விடவில்லை.

"நீ பேரைச் சொல்லிடுவேன்னு நெனச்சிகினு உக்காந்திருந்தேன்," என்றான் அவன். "சொல்லல. அதான்."

தேவகி படகில் ஏறினாள். அவன்கூடத் தன்னைச் சந்தேகப்பட்டிருக்கிறான் என்பது அவளுக்கு ஏனோ ஆறுதலாக இருந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை பாதிப் பேர் வரவில்லை. வந்தவர்களும் கதவோரமாகவே உட்கார்ந்தார்கள். வெயில் ஏறுகிற நேரத்தில் மனோரமா வந்தாள், செங்கல்வராயன் பின்னால் நடந்து வந்தான். அவள் கொட்டகையைச் சுற்றிவந்தாள். சாக்கைத் தூக்கிப் பார்த்தாள், பாயை உதறினாள், கௌஸ் மைதீனை மேலும் கீழும் பார்த்தாள். உன் பொண்டாட்டி எந்த ஊர் என்று அவரைக் கேட்டாள். இல்லை என்றார். ஏன் என்றாள். அவர் அடுப்பை ஊதினார். மனோரமா ரொம்ப நேரம் புருஷனையே பார்த்துக்கொண்டிருந்தாள். தேவகி கஞ்சியைக் கிண்டிக்கொண்டே இருந்தாள்.

பிறகு மனோரமா முந்தானையைச் சொருகிக்கொண்டு அடுப்பண்டை உட்கார்ந்தாள். ஒரு சொட்டுக் கஞ்சியைக் கையில் விட்டு நக்கிப் பார்த்தாள்.

"ஊர்ல இன்னா சொல்லப் போறே?" என்று கேட்டாள் தேவகி.

"கஞ்சி காச்சறாங்கன்னு சொல்வேன். வேற இன்னாத்த சொல்ல?" என்றாள் மனோரமா. "அடுத்த வாரம் உப்பு நான் கொண்டாறேன். உங்களுக்கு உப்பு போடவே வரல."

அவள் எதைப் புரிந்துகொண்டாள், எதை விட்டுவிட்டாள் என்று தேவகிக்குத் தெரியவில்லை. மனோரமா பானையை இறக்க ஒரு பக்கம் பிடித்துக்கொண்டு இன்னொரு கைக்காக நிமிர்ந்தாள். செங்கல்வராயன் வந்து மறு பக்கம் பிடித்தான்.